பன்னீர் திராட்சையில் நோய் எதிர்ப்பு: கொடியின் ஹார்மோன்களை அறிந்து தோட்டம் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உரக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும். "இதையும் ஒரு டேங்க் சேர்த்து அடிங்க, கொடிக்கு எதிர்ப்பு சக்தி வரும்." கையில் தருவது சாலிசிலிக் அமிலமாக இருக்கலாம். கைட்டோசான், கடல்பாசிச் சாறு, பிராசினோஸ்டீராய்டு என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். அதே புட்டி பக்கத்துத் தோட்டத்தில் பலித்திருக்கும், நம் தோட்டத்தில் காசுக்குக் கேடாகியிருக்கும். ஏன் என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியாது, அடித்தவருக்கும் தெரியாது.

விஷயம் புட்டியில் இல்லை. ஹார்மோன் என்பது மருந்தே இல்லை, கொடி தனக்குள் அனுப்பிக்கொள்ளும் சேதி. பூஞ்சையைக் கொல்வது மயில்துத்தமும் கந்தகமும் போன்றவை. ஹார்மோன் செய்வதெல்லாம் "ஆள் வந்துவிட்டான், கதவைச் சாத்து" என்று கொடிக்குச் சொல்வதுதான். சேதி சரியான நேரத்தில், சரியான ஆளைப் பற்றிப் போனால் பலன் உண்டு. இலை முழுக்க நோய் ஏறியபின் சொன்னால் யாருக்கு லாபம்? இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்: முதலில் எதிரி, அப்புறம் சேதி, அப்புறம் நாம் ஏற்கெனவே அறியாமல் போட்டுக் குழப்பும் சேதிகள், கடைசியில்தான் தெளிப்பு.

தொடங்குமுன் நம் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். அதன் தாய், தந்தை இரண்டுமே வைட்டிஸ் வினிஃபெரா என்னும் ஐரோப்பிய இனம். அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் வட அமெரிக்காவில் பிறந்தவை. அங்கிருந்த காட்டுத் திராட்சைகள் இவற்றோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மல்லுக்கட்டிப் பழகியவை. வினிஃபெராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சாம்பல் நோய் 1845இல் இங்கிலாந்தில் தென்பட்டது, அடிச்சாம்பல் 1878இல் பிரான்சுக்குள் நுழைந்தது. அதற்கு ஏழு ஆண்டு கழித்து 1885இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை அறிவித்தார். நாம் இன்றும் அதைத்தான் கலக்கிக்கொண்டிருக்கிறோம். ஆக, பன்னீர் கொடியிடம் ஆயுதம் இல்லாமலில்லை. எதிரியைச் சட்டென்று அடையாளம் காணத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து ஓய்வெடுக்கும். இங்கே ஒரு தோட்டத்தில் அறுவடை, அடுத்த தோட்டத்தில் கவாத்து, அதற்கடுத்ததில் பூ. நோய்க்கு வருடம் முழுக்கப் பந்தி விரித்து வைத்திருக்கிறோம்.

படி 1: வந்திருப்பது யார் என்று உறுதி செய்யுங்கள்

இதில் தப்பினால் மற்ற எல்லாப் படியும் வீண்.

அடிச்சாம்பல் நோயில் இலையின் மேற்பக்கம் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டு விழும், அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு படரும். இதை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிகோலா உண்மையில் பூஞ்சையே இல்லை, நீர்ப்பாசிகளுக்கு உறவான ஒரு உயிர். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். இலை நனைந்திருந்தால் நீந்திவந்து, அடிப்பக்கத்து இலைத்துளைகள் வழியாக உள்ளே போகும். சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. நிழலும் மூட்டமும் மிதமான சூடும் போதும். இலை, தண்டு, காய் எல்லாவற்றின் மேலும் விபூதி பூசியது போல இருக்கும், விரலால் தேய்த்தால் வரும். பறவைக்கண் நோயில் காயில் நடுவே சாம்பல் நிறமும் சுற்றிலும் கருவளையமுமாகப் புள்ளி, இளம் இலையில் ஓட்டை. சாம்பல்நிறப் பூசணமான போட்ரைட்டிஸ் குளிர்ந்த நாடுகளின் பெரிய தலைவலி. நம் பக்கம் அது அவ்வளவு பெரிய ஆள் இல்லை, ஆனால் ஹார்மோன் கதைக்கு அது தேவை என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. மஞ்சள் திட்டு உள்ள இலையைப் பறித்து, ஈரத் துணியோடு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, இரவு முழுவதும் வீட்டுக்குள் இருட்டில் வையுங்கள். காலையில் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அடிச்சாம்பல் நோய்தான்.

இப்போது இவர்களை இரண்டு கட்சியாகப் பிரியுங்கள். அடிச்சாம்பலும் சாம்பலும் உயிருள்ள செல்லுக்குள் உறிஞ்சியை விட்டுத் தின்பவை. செல் செத்தால் அவையும் பட்டினி. போட்ரைட்டிஸ் நேரெதிர்: முதலில் நஞ்சு கக்கிச் செல்லைக் கொன்று, பிணத்தைத் தின்னும். கொடி இந்த இரண்டு கட்சிக்கும் ஒரே மாதிரி பதில் சொல்ல முடியாது. உயிருள்ளதைத் தின்பவனிடம், நோய் புகுந்த செல்லைத் தானே கொன்று பட்டினி போடலாம். பிணம் தின்பவனிடம் அதைச் செய்தால் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

படி 2: எந்தச் சேதி எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடு. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சாலிசிலிக் அமிலம்: தலைவலி மாத்திரையான ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. 1979இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் என்பவர் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் ஏற்றிப் பார்த்தார். தேமல் வைரஸைச் செடி நன்றாகத் தாங்கியது. அதிலிருந்துதான் இந்தக் கதை சூடு பிடித்தது. ஒரு செல்லில் நோய் புகுந்ததைக் கொடி உணர்ந்தால் அங்கே சாலிசிலிக் அமிலம் ஏறும். சுற்றியுள்ள சில செல்கள் தற்கொலை செய்துகொள்ளும். பூஞ்சையின் சுவரை அரிக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் போன்ற புரதங்கள் உற்பத்தியாகும். சேதி மற்ற இலைகளுக்கும் பரவி, இன்னும் நோய் வராத இலையும் உஷாராகும். இந்த அமிலத்தின் ஒரு வடிவம் காற்றிலும் பரவும். தசைவலித் தைலத்தைத் திறந்தால் மூக்கில் ஏறுகிறதே, அதே வாசனைப் பொருள்தான்.

திராட்சையில் இதற்கு அழகான சாட்சி ஒன்று இருக்கிறது. வைட்டிஸ் ஈஸ்டிவாலிஸ் என்ற அமெரிக்க இன வழி வந்த நார்ட்டன் ரகத்தையும், வினிஃபெராவான காபர்னே சாவின்யோனையும் சாம்பல் நோய்க்கு ஆட்படுத்தி ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. நார்ட்டன் இலையில் நோய் வருமுன்பே சாலிசிலிக் அமிலம் கூடுதலாக இருந்தது. காபர்னேயில் நோய் வந்தபிறகுதான் ஏறியது. ஒருவன் வீட்டில் எப்போதும் நாய் கட்டியிருக்கிறது, இன்னொருவன் திருடன் வந்தபின் நாய் தேடுகிறான். நம் பன்னீரும் இரண்டாவது ஆள் வீட்டுக் கொடிதான்.

ஜாஸ்மோனிக் அமிலம்: இதன் மணமுள்ள வடிவத்தை 1962இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து. பூக்கடையில் கூடையைத் திறந்ததும் வீசும் மணத்தில் இதற்கும் பங்கு உண்டு. புழு கடித்தாலும், கிளை ஒடிந்தாலும், பிணம்தின்னிப் பூஞ்சை வந்தாலும் செடி இதைத்தான் கூப்பிடும். எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் இதன் கூட்டாளி.

பாடப்புத்தகத்தில், சாலிசிலிக் என்றால் உயிருள்ளதைத் தின்பவனுக்கு, ஜாஸ்மோனிக்கும் எத்திலீனும் என்றால் பிணம் தின்பவனுக்கு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று இருக்கும். அரபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியில் கண்டறிந்த விதி இது. பல பேர் இதை அப்படியே திராட்சையில் பொருத்தி ஆலோசனை சொல்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் திராட்சை அந்த விதிக்குள் அடங்கவில்லை. மீத்தைல் ஜாஸ்மோனேட் தெளித்த திராட்சையில் சாம்பல் நோய் குறைந்ததைப் பிரான்சின் போர்டோவில் நடந்த ஆய்வுகள் காட்டின. எத்திலீனை வெளியிடும் எத்தஃபான் தெளித்தபோதும் அப்படித்தான். அடிச்சாம்பல் நோய்க்கு எதிராகக் கொடியை முன்கூட்டியே தயார்படுத்தும் பீட்டா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்ற பொருளும் ஜாஸ்மோனிக் வழியைத்தான் பிடித்து வேலை செய்தது. இரண்டு நோயுமே உயிருள்ளதைத் தின்பவை. புத்தகப்படி சாலிசிலிக் பக்கம்தான் போயிருக்க வேண்டும்.

காரணத்தின் ஒரு பகுதி திராட்சையின் தனி ஆயுதத்தில் இருக்கிறது. அதுதான் ரெஸ்வெரட்ரால். ஒயினோடு சேர்த்து ஊரெல்லாம் பேசும் அதே பொருள். நமக்காக அல்ல, பூஞ்சையை எதிர்க்கத்தான் கொடி அதைச் செய்கிறது என்பது 1976இலேயே தெரியும். இதைத் தயாரிக்கும் ஸ்டில்பீன் சிந்தேஸ் மரபணு பல பயிர்களில் இல்லவே இல்லை. திராட்சையில் நாற்பதுக்கும் மேற்பட்ட நகல்கள் இருக்கின்றன. அந்தத் தொழிற்சாலையின் சுவிட்சைத் தட்டுவதில் ஜாஸ்மோனிக்குக்குப் பெரிய பங்கு.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. ரெஸ்வெரட்ரால் தனியாக அப்படியொன்றும் கொடிய நஞ்சு இல்லை. எதிர்ப்புள்ள ரகங்கள் அதை விரைவாக வினிஃபெரின், டெரோஸ்டில்பீன் என்னும் கூர்மையான பொருள்களாக மாற்றுகின்றன. தாங்காத ரகங்கள் அதில் பெரும்பகுதியைச் சர்க்கரையோடு சேர்த்துப் பைசீடு என்ற சாதுவான பொருளாக்கி ஒதுக்கிவிடுகின்றன. இரும்பு இரண்டு பட்டறையிலும் இருக்கிறது. ஒருவர் அரிவாள் அடிக்கிறார், இன்னொருவர் கரண்டி. அதனால்தான் "எங்கள் மருந்து ரெஸ்வெரட்ராலைக் கூட்டும்" என்ற விளம்பரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அப்சிசிக் அமிலம்: வறட்சியின் சேதி. தண்ணீர் குறைந்தால் இலைத்துளையை மூடச் சொல்வது இதுதான். அடிச்சாம்பல் நோய் அந்தத் துளை வழியாகத்தானே வருகிறது, மூடினால் நல்லதுதானே? நல்லதுதான், ஆனால் அந்த நோய் அதைவிடச் சாமர்த்தியசாலி. உள்ளே புகுந்தபின், இருட்டிலும் துளை மூடாதபடி செய்துவிடுகிறது. அப்சிசிக் அமிலம் கொடுத்தாலும் அந்த இலைத்துளைகள் மூடுவதில்லை. வெளியே வந்து வித்துவிட அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: போட்ரைட்டிஸ் பூஞ்சை அப்சிசிக் அமிலத்தைத் தானே தயாரிக்கும். அந்த அமிலத்தை ஆலையில் உற்பத்தி செய்வதே அந்தப் பூஞ்சையை வளர்த்துத்தான்.

எதிரிகள் நம் பாஷையில் பொய்ச்சேதி அனுப்புவது திராட்சையில் இன்னொரு இடத்தில் அப்பட்டமாகத் தெரியும். அக்ரோபாக்டீரியம் விட்டிஸ் என்ற பாக்டீரியா, காயம் வழியாக நுழைந்து ஆக்சின், சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஹார்மோன்களைச் செய்யும் மரபணுக்களைக் கொடியின் செல்லுக்குள்ளேயே சொருகிவிடும். செல் கட்டுப்பாடில்லாமல் பெருத்துத் தண்டில் கழலை வரும். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் கண்டுபிடிப்பும் நோயில் தொடங்கியதுதான். நெற்பயிர் அநியாயத்துக்கு நெட்டையாகிச் சாய்வது ஏன் என்று தேடிய ஜப்பானின் குரோசாவா, பூஞ்சை சுரக்கும் ஒரு பொருள்தான் காரணம் என்று 1926இல் காட்டினார். இன்று அதையே காய் பெருக்க நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

படி 3: நீங்கள் ஏற்கெனவே போடும் சேதிகளைக் கணக்கெடுங்கள்

"நான் ஹார்மோனே அடிப்பதில்லை" என்பவர்கூட ஹார்மோனைக் குழப்பிக்கொண்டிருப்பார். ஒரு நோட்டை எடுத்துக் கடைசிக் கவாத்திலிருந்து போட்டதையெல்லாம் எழுதுங்கள்.

யூரியா அதிகம் போட்டால் கொடி தளதளவென்று வளரும். இலை மெல்லியதாகும், ஸ்டில்பீன் (ரெஸ்வெரட்ரால் வகைப் பொருள்கள்) உற்பத்தி குறையும், பந்தல் அடர்ந்து ஈரம் தங்கும். ஒரே மூட்டையில் மூன்று கெடுதி. நோய் எதிர்ப்புக்காக என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, முதலில் எதை வாங்காமல் இருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

ஜிப்ரலின் வகையான ஜிப்ரலிக் அமிலத்தில் நல்லதும் கெட்டதும் உண்டு. பூக்குமுன் கொடுத்தால் கொத்தின் நடுக்காம்பு நீண்டு, காய்கள் நெருக்காமல் காற்றோட்டம் வரும், அழுகல் குறையும். அதே நேரம் ஜிப்ரலின் ஏறும்போது டெல்லா என்ற தடுப்புப் புரதங்கள் அழியும். அந்தப் புரதங்கள்தான் ஜாஸ்மோனிக் சேதிக்குத் துணை நிற்பவை. வளர்ச்சிக்கும் காவலுக்கும் ஒரே பட்ஜெட் என்பது இதுதான். கொத்துக்கு அளவாகக் கொடுங்கள், இலையெல்லாம் நனையும்படி ஊற்றாதீர்கள். விதையில்லா தாம்சன் ரகத்துக்கு மகாராஷ்டிரத்தில் கொடுக்கும் தவணைகளை விதையுள்ள பன்னீருக்கு அப்படியே கொண்டுவருவதும் கூடாது. பன்னீரின் காய் தன் விதையிலிருந்தே ஜிப்ரலின் பெறும்.

லிஹோசின் என்று வாங்கும் குளோர்மெக்வாட் ஜிப்ரலின் உற்பத்தியைத் தடுக்கும், ஓட்டத்தை அடக்கும். ஆனால் எச்சம் கொடியில் நீண்டகாலம் தங்கும். 2010இல் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் சிக்கிக்கொண்டது இதன் எச்சத்தால்தான். கொழுந்தை விரலால் கிள்ளினாலும் ஓட்டம் அடங்கும், அதற்கு எச்சம் கிடையாது.

அப்புறம் பக்கத்து வயல். நெல்லிலோ மக்காச்சோளத்திலோ 2,4-டி களைக்கொல்லி அடித்தால் காற்றில் வரும் துளி போதும், திராட்சை இலை விசிறி போலச் சுருங்கி நரம்பு நெருங்கிவிடும். 2,4-டி ஒரு செயற்கை ஆக்சின். திராட்சை அதற்கு மிகவும் நொந்துபோகும் பயிர். இதை வைரஸ் என்று நினைத்து மருந்து மாற்றி மருந்து அடிப்பவர்கள் உண்டு. அண்டை வயல்காரரிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசுவது எந்தத் தெளிப்பையும்விட மலிவு.

படி 4: கவாத்திலிருந்து நாள் எண்ணி ஆபத்தான ஜன்னல்களைக் குறியுங்கள்

பன்னீரில் கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ நான்கு மாதம். வெட்டிய நாளைக் காலண்டரில் எழுதிக்கொண்டு அங்கிருந்து எண்ணுங்கள்.

மூன்று முதல் ஐந்து இலை வந்த பருவம் முதல் ஜன்னல். தளிர் ஒரு சாண் அளவு வரும்போது கொடி சேதி கேட்கும் நிலைக்கு வந்திருக்கும், எதிரி இன்னும் பெருகியிருக்காது. தூண்டி, அதாவது கொடியின் எதிர்ப்பைத் தூண்டும் பொருள், தெளிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இரண்டாவது ஜன்னல் பூக்குமுன் தொடங்கிக் காய் பிடித்து மூன்று நான்கு வாரம் வரை. பயிரே இங்கேதான் தீர்மானமாகிறது. பூங்கொத்தும் பிஞ்சும் இரண்டு சாம்பல் நோய்களுக்கும் மிக எளிதாக ஆட்படும். காய் பிடித்து மூன்று நான்கு வாரம் தாண்டினால், காயே வயதால் சாம்பல் நோயைத் தள்ளும் தன்மையைப் பெற்றுவிடும். அதன் இலைத்துளைகளும் அடைபட்டு, அடிச்சாம்பல் நேரே உள்ளே போக முடியாமல் ஆகும். காம்பு வழியாக வரலாம், இலை தொடர்ந்து பாதிக்கப்படலாம், ஆனால் காய்க்குப் பெரிய கண்டம் கழிந்தது. இந்த ஐந்தாறு வாரத்தில் மட்டும் கை இறுக்காதீர்கள். இங்கே தூண்டியை நம்பிப் பூஞ்சைக்கொல்லியைக் குறைப்பது சூதாட்டம்.

நிறம் மாறத் தொடங்கியபின் எதிர்ப்புத் தூண்டிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். சர்க்கரை ஏற ஏறக் காயின் ஸ்டில்பீன் தயாரிக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். அங்கே வேண்டியது காற்றோட்டமும், அளவான தண்ணீரும், வெடித்த காயை அப்புறப்படுத்துவதும்தான்.

படி 5: பந்தலைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், செய்வதற்குத்தான் ஆள் வேண்டும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் திராட்சையில் ஸ்டில்பீனைத் தூண்டும், சாம்பல் நோயை நேரடியாகவும் அடக்கும். கொத்தைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு இலையை எடுங்கள், பக்கக் கொழுந்தைக் கிள்ளுங்கள், கொத்துகளைப் பந்தலுக்குக் கீழே தொங்கவிடுங்கள், நெருங்கிய கொத்தில் பட்டாணி அளவில் காய்களில் ஐந்தில் ஒரு பங்கைக் கத்தரித்து விடுங்கள். பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தால் தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும். ஒரேயடியாகத் திறந்து, கொத்தை உச்சிவெயிலில் காட்டினால் காய் வெந்துவிடும்.

படி 6: தூண்டியைத் தேர்ந்தெடுங்கள்

இதுவரை சொன்னதைச் செய்தவர்களுக்கு மட்டும் இந்தப் படி.

ஆய்வகத்தில் திராட்சை எதிர்ப்பைத் தூண்டியதாக நன்றாகக் காட்டப்பட்டவை சில. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைக் கொடி பூஞ்சையின் சுவர்த்துண்டு என்று நினைத்து உஷாராகும். பழுப்புக் கடல்பாசியின் லாமினரின், போட்ரைட்டிஸ், அடிச்சாம்பல் இரண்டுக்கும் எதிராகத் திராட்சையில் பாதுகாப்பைத் தூண்டியது. சாலிசிலிக் அமிலத்தைப் போல நடிக்கும் அசிபென்சோலார் என்ற செயற்கைப் பொருளும் உண்டு. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் சில இனங்கள் அடிச்சாம்பலுக்கு எதிராகக் கொடியைத் தயார்படுத்தும்.

என் தேர்வு என்னவென்றால், முதல் ஜன்னலில் கைட்டோசானோ நல்ல தரமான கடல்பாசிச் சாறோ போதும். கடல்பாசிச் சாறு என்றால் எல்லாம் லாமினரின் ஆகிவிடாது, புட்டியைத் திருப்பிப் படியுங்கள். சாலிசிலிக் அமிலம் மலிவு, ஆனால் அளவு தவறினால் இலை ஓரம் கருகும். மீத்தைல் ஜாஸ்மோனேட்டைத் தோட்டத்தில் முயல வேண்டாம். வளர்ச்சியை அது அமுக்கும். எதுவானாலும் திராட்சைக்குப் பதிவு பெற்றதா என்று லேபிளில் பார்த்துத்தான் வாங்குங்கள்.

தூண்டி தெளித்து, கொடி கேட்டு, ஆயுதம் செய்ய ஓரிரு நாளாவது ஆகும். மழை எச்சரிக்கை வந்தபின் ஓடிப்போய் அடித்தால் தாமதம். தெளித்தபின் வந்த புதிய இலைக்கு அந்தச் சேதி அரைகுறையாகத்தான் போகும். ஆகவே கொடி வேகமாக ஓடும் காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறையாவது திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தாலும் கெடுதி. எப்போதும் சண்டைக்கோலத்தில் நிற்கும் கொடி காய்க்குச் சேர்க்க வேண்டிய மாவுச்சத்தைக் காவலுக்குச் செலவழித்துவிடும்.

படி 7: கலக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு பி.பி.எம். என்பது ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம். 100 லிட்டர் டேங்கில் 25 பி.பி.எம். வேண்டுமென்றால் 2.5 கிராம் சுத்தமான பொருள். 90 சதவீதத் தூள் என்றால் ஏறத்தாழ 2.8 கிராம். மளிகைத் தராசில் இதை நிறுக்க முடியாது. நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு மில்லிமோலார் சாலிசிலிக் அமிலம் என்று வந்தால் அது 138 பி.பி.எம்., அதாவது 100 லிட்டருக்கு 13.8 கிராம். பாதியில் தொடங்கி, நாலு கொடியில் அடித்து, மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

ஜிப்ரலிக் அமிலத் தூளும் சாலிசிலிக் அமிலமும் தண்ணீரில் எளிதில் கரையாது. கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் காரமுமாக இருந்தால் ஜிப்ரலிக் அமிலம் வீரியம் இழக்கும். எத்தஃபான் டேங்கிலேயே எத்திலீனாகப் பிரிந்து காற்றில் போய்விடும். கார அமிலத் தாள் கட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

போர்டோ கலவையோடு இவை எதையும் கலக்காதீர்கள். சுண்ணாம்பு காரம், சாலிசிலிக் அமிலமும் கைட்டோசானும் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் கெடும், சில நேரம் குழாய் முனையும் அடைக்கும். இடையில் மூன்று நான்கு நாள் விடுங்கள். டிரைக்கோடெர்மா தெளித்த தோட்டத்தில் மறுநாளே தாமிரம் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தெளிப்பு காலையில் பனி உலர்ந்தபின் அல்லது மாலை நாலு மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி இருக்கட்டும்.

படி 8: ஒரு வரிசையைத் தெளிக்காமல் விட்டு ஒப்பிடுங்கள்

பலித்ததா என்று தெரிய வேறு வழியே கிடையாது. தோட்டத்தின் நடுவில், ஓரம் அல்லாத இடத்தில், ஒரு வரிசைக்குப் பூஞ்சைக்கொல்லி எல்லாம் வழக்கம்போலக் கொடுத்து, தூண்டியை மட்டும் விட்டுவிடுங்கள். கம்பத்தில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள், இல்லையென்றால் தெளிக்க வரும் ஆள் பழக்கத்தில் அதையும் அடித்துவிடுவார். பத்து நாளுக்கு ஒருமுறை இரு பக்கமும் ஐம்பது ஐம்பது இலை எண்ணி, எத்தனையில் திட்டு, எவ்வளவு பெரிய திட்டு என்று நோட்டில் எழுதுங்கள். ஆய்வகத்தில் கிடைத்த பலன் தோட்டத்தில் பாதிகூட வராமல் போவது சகஜம். தூண்டி பலித்த தோட்டத்திலும் திட்டு வரும், ஆனால் சிறியதாக, ஓரம் காய்ந்து, அடிப்பக்கம் வெள்ளை குறைவாக இருக்கும். அந்தச் சிறிய காய்ந்த புள்ளிகளைக் கண்டு பயப்பட வேண்டாம், கொடி தானே எரித்துக்கொண்ட செல்கள் அவை.

இரண்டு கவாத்துக்கு எண்ணியும் சிவப்புத் துணி வரிசைக்கும் மற்ற வரிசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் புட்டியை நிறுத்திவிட்டு, அதே காசில் இலை கிள்ள இரண்டு ஆள் கூடுதலாகக் கூப்பிடுங்கள்.